பால்வெட்டுக் கத்தியும் ஆழ்மனமும்: தன்னறிதுயில் பழகப் புதிதாக வருபவர்களுக்கு

இதைப் படித்துக்கொண்டிருக்கும் இடத்திலேயே உங்கள் வாய்க்கு ஓர் உத்தரவு போடுங்கள்: "எச்சில் ஊறு." எவ்வளவு அதட்டினாலும் ஊறாது. சரி, விடுங்கள். இப்போது பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் ஒருவர் பச்சை மாங்காயைச் சீவுவதை நினையுங்கள். கத்தி இறங்கும்போது வரும் 'கறக்' சத்தம். பக்கத்தில் உப்பும் மிளகாய்த்தூளும் கலந்த பொட்டலம். ஒரு துண்டைத் தொட்டு நாக்கில் வைத்ததும் காதோரம் சுள்ளென்று இழுக்குமே, அது.

ஊறியிருக்கும். அதட்டலுக்கு மசியாத சுரப்பி ஒரு படத்துக்கு மசிந்துவிட்டது. தன்னறிதுயில், அதாவது தனக்குத்தானே செய்துகொள்ளும் ஹிப்னாடிசம், என்பது இந்த மாங்காய் வித்தையை நாமே திட்டம் போட்டு, நமக்கு வேண்டிய காரியத்துக்குச் செய்துகொள்வது. அதற்குமேல் அதில் மர்மம் ஒன்றும் இல்லை.

நான் மருத்துவன் இல்லை. மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை ஆலையில் எடைமேடைக் கிராணியாக (குமாஸ்தாவாக) இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவன். மூன்று ஷிப்டும் மாறி மாறி வரும். தூக்கம் எந்த ஷிப்டுக்கும் வராது. மாத்திரைக்குப் பழகிவிடுவேனோ என்ற பயத்தில் இதைப் பிடித்துக்கொண்டேன். இப்போது எங்கள் குடியிருப்பான தாமானில் நாலு பேருக்குத் தெரிந்துபோய், பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். எழுதப் போகிற பிள்ளைகள், சிகரெட்டை விட நினைக்கும் லோரிக்காரர்கள் என்று யாராவது வந்து கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் வாயால் சொல்வதை இங்கே எழுத்தில் வைக்கிறேன்.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. ஹிப்னாடிசம் என்றால் எங்கள் பக்கம் பலருக்கு 'வசியம்' என்றுதான் காதில் விழுகிறது. உடனே எலுமிச்சம்பழமும் குங்குமமும் நினைவுக்கு வந்துவிடும். எனக்கு 'அறிதுயில்' என்ற பழைய சொல்தான் பிடித்திருக்கிறது. பாம்பணையில் பெருமாள் கொள்ளும் துயிலுக்குச் சொல்வது: பார்ப்பவருக்குத் தூக்கம், உள்ளே எல்லாம் தெரிந்துகொண்டே இருக்கும். தன்னறிதுயிலில் உட்கார்ந்திருக்கும்போது பக்கத்து வீட்டு நாய் குரைப்பது உங்களுக்குக் கேட்கும். அடுப்பில் பால் பொங்கினால் எழுந்து ஓடுவீர்கள். உள்ளே போய் மாட்டிக்கொண்டவர் என்று யாரும் கிடையாது. மிஞ்சிப்போனால் தூங்கி எழுந்திருப்பார்.

அம்மாவின் கை

ஆழ்மனம் என்றதும் மண்டைக்குள் பூட்டிய அறை ஒன்று இருப்பதாகவும், அதில் மகா சக்தி ஒளிந்திருப்பதாகவும் பேசுகிறார்கள். மூளையில் பத்து விழுக்காட்டைத்தான் பயன்படுத்துகிறோம், மீதித் தொண்ணூறு ஆழ்மனம் என்ற கணக்கும் கூடவே வரும். அது பொய்க் கணக்கு. மூளையில் சும்மா கிடக்கும் பகுதி என்று ஒன்று இல்லை. நாம் கவனிக்காமலேயே மனம் செய்து முடிக்கும் வேலைகளின் மொத்தப் பெயர்தான் ஆழ்மனம். அப்படி எடுத்துக்கொண்டால் வேலை சுலபம்.

என் அம்மா முப்பது வருடம் பால்மரம், அதாவது ரப்பர் மரம், வெட்டினார். விடியுமுன் பெரட்டு என்ற ஆள்கணக்கெடுப்புக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு, தலையில் விளக்கு, இடுப்பில் கொசுவத்தி என்று நிரைக்குள், அதாவது மர வரிசைக்குள், இறங்குவார். ஒரு நாளைக்கு நானூறு, ஐந்நூறு மரம். ஒவ்வொரு மரத்திலும் சாய்வாக ஒரு கோடு. பட்டையில் மெல்லிய ஒரு சீவல்தான் எடுக்கலாம். பால் ஓடும் குழாய்கள் பட்டையின் உட்பக்கம்தான் அதிகம், அதனால் கத்தி மேலோடு போனால் பால் குறையும். ஆனால் கட்டையைத் தொட்டுவிடவும் கூடாது. ஒரு மில்லிமீட்டர் அளவுக்குப் பட்டையை விட்டுவைக்க வேண்டும். தொட்டால் மரத்துக்குக் காயம், புதுப் பட்டை மேடும் பள்ளமுமாக வளரும், மேற்பார்வை பார்க்கும் மண்டோர் கத்துவார். அம்மா அந்த ஒரு மில்லிமீட்டரை அளந்து பார்த்ததே கிடையாது. கை வெட்டிக்கொண்டிருக்கும், வாய் பக்கத்து நிரைக்காரம்மாவிடம் கதை பேசிக்கொண்டிருக்கும். "எப்படிம்மா ஆழம் தெரியுது?" என்று ஒருமுறை கேட்டேன். "எனக்கு எங்கடா தெரியுது, கைக்குத் தெரியுது" என்றார்.

அந்தக் கை வந்த வழியைப் பாருங்கள். ஆரம்பத்தில் கவனம் முழுவதும் கத்தியில் இருந்தது, பிறகு அதே செயல் ஆயிரம் முறை, பிறகு கவனம் விலகிக்கொண்டது. நம்முடைய பயங்களும் இதே வழியில்தான் 'கைக்குத் தெரிந்து' போயிருக்கின்றன. பரீட்சைத் தாளைக் கண்டதும் வயிற்றைக் கலக்குவது யாரும் யோசித்துச் செய்வதில்லை. படுக்கையில் சாய்ந்ததும் நாளைய கடன் கணக்கு ஓட ஆரம்பிப்பதும் அப்படியே. பழகியதைப் பழக்கத்தால் மாற்ற வேண்டியதுதான். தன்னறிதுயில் அதற்கான நேரத்தைக் கொஞ்சம் குறைக்கிறது, அவ்வளவுதான் நான் சொல்வேன்.

ஆராய்ந்தவர்கள் கண்டது

1841-ல் மான்செஸ்டரில் ஜேம்ஸ் பிரெய்ட் என்ற ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர் ஒரு மேடைக் காட்சியைப் பார்க்கப் போனார். ஏமாற்று என்று நிரூபிப்பதுதான் எண்ணம். பார்த்தவருக்கு அதில் ஏதோ இருக்கிறது என்று பட்டது. வீட்டுக்கு வந்து தானே சோதித்தார். கண்ணுக்குச் சற்று மேலே ஒரு பளபளப்பான பொருளை உற்றுப் பார்க்க வைத்தாலே போதும், காந்தமும் வேண்டாம் மந்திரமும் வேண்டாம் என்று கண்டார். தூக்கத்துக்கான கிரேக்கச் சொல்லிலிருந்து ஹிப்னாடிசம் என்ற பெயரைப் பரப்பியவர் அவர்தான். பிறகு இது தூக்கமே இல்லை, மனம் ஒரே எண்ணத்தில் குவிவது என்று புரிந்ததும், 'ஒற்றை எண்ணம்' என்று பொருள்படும் வேறு பெயரை 1847-ல் முன்வைத்தார். அதற்குள் பழைய பெயர் ஊரெல்லாம் போய்விட்டது. தன் மூட்டுவாத வலிக்கு அவர் தன்மேலேயே இதைச் செய்துகொண்டதும் உண்டு. ஆக, நம் ஆட்டத்துக்கு அவரும் ஒரு முன்னோடி.

அடுத்தவர் பிரான்ஸில் மருந்துக்கடை வைத்திருந்த எமில் குவே. மருந்தைக் கொடுக்கும்போது நாலு நல்ல வார்த்தை சொன்னால் அது கூடுதலாக வேலை செய்வதைக் கவனித்தவர். மன உறுதியும் கற்பனையும் மோதினால் ஜெயிப்பது கற்பனையே என்பது அவர் கட்சி. நம் மாங்காய் சொன்னதும் அதைத்தானே. "நாளுக்கு நாள், எல்லா வகையிலும், நான் மேலும் மேலும் நலமடைந்து வருகிறேன்" என்று காலையும் இரவும் இருபது தடவை முணுமுணுக்கச் சொன்னார். எண்ணிக்கை தவறாமலிருக்க இருபது முடிச்சுப் போட்ட கயிறு. ஜபமாலை பார்த்தவர்களுக்கு இதில் புதுமை இருக்காது.

இந்தக் காலத்து ஆய்வுகளில் இரண்டைச் சொல்கிறேன். 1997-ல் மொன்றியாலில் ஆட்களின் கையை 47 பாகை வெந்நீரில் வைத்து, அறிதுயிலில் 'இந்த வலி உனக்கு அவ்வளவு தொந்தரவாக இல்லை' என்று கருத்தூட்டி மூளையைப் படம் பிடித்தார்கள். சூட்டை உணரும் பகுதி வழக்கம்போல வேலை செய்தது. வலியின் வேதனையோடு தொடர்புள்ள முன்பக்கப் பகுதியின் வேலைதான் கருத்தூட்டலுக்கு ஏற்ப மாறியது. அடுத்தது 2002-ல். 'சிவப்பு' என்ற சொல்லைப் பச்சை மையில் எழுதி, மையின் நிறத்தைச் சொல்லச் சொன்னால் எல்லோரும் தடுமாறுவார்கள், ஏனென்றால் படிக்காமலிருக்க நம்மால் முடியாது. எளிதில் அறிதுயிலுக்குப் போகக்கூடியவர்களிடம் 'நீ பார்ப்பது தெரியாத மொழியின் கிறுக்கல்' என்று முன்கூட்டியே கருத்தூட்டியபோது அந்தத் தடுமாற்றம் காணாமல் போனது. எழுத்தைக் கண்டதும் படித்துவிடுவது எவ்வளவு ஊறிப்போன பழக்கம்! அதையே கொஞ்ச நேரம் ஒதுக்கி வைக்க முடிகிறது என்பதுதான் என்னை உட்கார வைத்தது.

எல்லோருக்கும் ஒரே அளவில் வராது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1959-ல் ஸ்டான்ஃபோர்டில் இதற்கென்று ஓர் அளவுகோலே செய்தார்கள். சிலருக்கு ஊற்றாக வரும், சிலருக்குச் சொட்டுக்கூட வராது, பெரும்பாலானவர்கள் நடுவில். நானும் நடுவில்தான்.

மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாதவர்கள்

வலிப்பு நோய் உள்ளவர்கள், காதில் குரல் கேட்பது போன்ற மனச்சிதைவுத் தொல்லை இருந்தவர்கள், கடுமையான மனச்சோர்வில் இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ஆரம்பிக்க வேண்டாம். உயிரை விட்டுவிடலாமா என்ற எண்ணம் வந்துகொண்டிருந்தால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு யாரிடமாவது பேசுங்கள். பிஃப்ரெண்டர்ஸ் 03-76272929, சுகாதார அமைச்சின் ஹீல் தொலைபேசி 15555.

காரணம் தெரியாத வலியை இதைக்கொண்டு அமுக்கக் கூடாது. நெஞ்சுவலிக்குக் கண்ணை மூடி உட்காராதீர்கள், ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மோட்டார் ஓட்டும்போதும், செம்பனைக் குலை அறுக்கும் நீள அரிவாள் கையில் இருக்கும்போதும் பழக வேண்டாம். மறந்துபோன விஷயத்தை, காணாமல்போன சங்கிலியை இதன்மூலம் கண்டுபிடிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இந்த நிலையில் மனம் புதிதாகக் கதை கட்டும், கட்டிய கதையை நினைவு என்று சத்தியம் செய்யும். சம்பந்தமில்லாத ஒருவர்மேல் பழி விழுந்துவிடும்.

ஆரம்பிக்கும் முன் ஒரு மோதிரம்

அரை முழ நூலில் ஒரு மோதிரத்தைக் கட்டுங்கள். மேசைமேல் முழங்கையை ஊன்றி, நூலின் நுனியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து மோதிரத்தைத் தொங்கவிடுங்கள். கையை அசைக்காதீர்கள். மோதிரம் இடமும் வலமுமாக ஊஞ்சல் ஆடுவதாக மனத்தில் மட்டும் பாருங்கள். ஒரு நிமிடத்துக்குள் பெரும்பாலானோருக்கு ஆட ஆரம்பித்துவிடும். இப்போது வட்டம் போடுவதாகப் பாருங்கள். தயங்கி, கோணி, வட்டத்துக்கு வரும்.

மோதிரத்தில் ஆவியும் இல்லை அம்மனும் இல்லை. நினைத்த அசைவை விரல் தசைகள் கண்ணுக்குத் தெரியாத அளவில் செய்துவிடுகின்றன. பிரெஞ்சு வேதியியலாளர் ஷெவ்ரல் 1833-லேயே இதை விளக்கிவிட்டார். நான் சொல்லிக்கொடுக்கும் எல்லோரையும் முதலில் இதைத்தான் செய்யச் சொல்வேன். 'நினைப்பு உடம்புக்குப் போகிறது' என்று நூறு தடவை விளக்குவதைவிட, அந்த மோதிரம் லேசாக அசையும்போது முகத்தில் வருகிற ஒரு திடுக்கிடல் நல்ல பாடம்.

முதல் படி: ஒரே ஒரு காரியம்

தூக்கமும் வேண்டும், சிகரெட்டும் விட வேண்டும், மனைவியிடம் கோபமும் குறைய வேண்டும் என்று மூன்றையும் ஒன்றாகக் கட்டாதீர்கள். ஒன்றை எடுங்கள், அதிலும் சின்னதாக. 'தன்னம்பிக்கை வேண்டும்' என்பது காரியமே இல்லை. 'வாய்மொழித் தேர்வில் பெயரைக் கூப்பிட்டதும் தொண்டை அடைக்காமல் இருக்க வேண்டும்', இது காரியம்.

இரண்டாம் படி: வாக்கியம்

பெரும்பாலானவர்கள் சறுக்குவது இங்கேதான், அதனால் கொஞ்சம் நிற்கிறேன்.

மருந்தைக் கொடுத்துவிட்டு, 'குடிக்கும்போது குரங்கை மட்டும் நினைக்காதே' என்று சொன்ன வைத்தியர் கதை உங்களுக்குத் தெரியும். அந்த நோயாளி ஆயுளுக்கும் மருந்து குடித்திருக்க மாட்டான். 'பயப்பட மாட்டேன்', 'சிகரெட் குடிக்கக் கூடாது', 'தூக்கம் கெடாது' எல்லாமே குரங்குதான். 'சிகரெட்' என்ற சொல் வந்ததும் சிகரெட்டின் படம் வந்துவிடும்; 'கூடாது' என்பதற்குப் படம் கிடையாது. அதனால் எது நடக்க வேண்டுமோ அதைச் சொல்லுங்கள். 'சாப்பிட்டு முடிச்சதும் பல் விளக்குறேன், வாய் சுத்தமா இருக்கு' என்பது லோரிக்காரர் ஒருவருக்கு நானும் அவரும் சேர்ந்து எழுதியது.

அடுத்தது, வீட்டில் பேசும் தமிழில் எழுதுங்கள். 'எனது உள்ளம் அமைதி அடைகின்றது' என்று மேடைத் தமிழில் சொன்னால் மனம் கைதட்டிவிட்டுத் தூங்கிவிடும். மலாயும் தமிழும் கலந்துதான் பேசுவீர்கள் என்றால் கலந்தே எழுதுங்கள். உங்களைத் தேற்ற அம்மா எந்தச் சொல்லைச் சொல்வார்களோ அந்தச் சொல் உள்ளே சீக்கிரம் போகும்.

பிறகு, நம்ப முடிகிற அளவில் வையுங்கள். கணக்கில் தோற்றுக்கொண்டிருக்கும் பிள்ளை 'நான் கணக்கில் புலி' என்று சொன்னால் உள்ளேயிருந்து ஒரு சிரிப்புக் கேட்கும். 'முதல் கேள்வியை நிதானமாப் படிக்கிறேன்' என்றால் சிரிப்பு வராது. படிக்காமல் எழுத உதவுமா என்று கேட்ட பையனும் உண்டு. படித்தது பதற்றத்தில் மறக்காமலிருக்க உதவலாம், படிக்காததை எங்கிருந்து எடுப்பது?

கடைசியாக, வாக்கியத்துக்கு ஒரு படம். என்னுடையது: எடைமேடையிலிருந்து கடைசி லோரியும் இறங்கிப் போய்விட்டது, திரையில் எண் மெதுவாகக் குறைந்து பூஜ்யத்தில் நிற்கிறது. 'பாரம் எறங்கிருச்சி.' வேறு யாருக்கும் இது வேலை செய்யாது. எனக்கு இருபது வருடத்து எண் அது.

மூன்றாம் படி: இடமும் நேரமும்

சத்தமே இல்லாத இடம் கிடைக்கும் என்று காத்திருந்தால் ஆயுசு போய்விடும். எங்கள் வீட்டுக்கு ஒரு பக்கம் ரயில் தண்டவாளம், மறுபக்கம் கோயில் ஒலிபெருக்கி. சத்தத்தோடு சண்டை போடாமல் அதையே வேலைக்கு எடுத்துக்கொள்ளுங்கள்: 'ஒவ்வொரு சத்தமும் கேட்கக் கேட்க இன்னும் ஆழமா எறங்குறேன்.' நாற்காலியில் சாய்ந்து உட்காருங்கள், காலைத் தரையில் பதியுங்கள். தூக்கத்துக்காகச் செய்தால் மட்டும் படுத்துக்கொள்ளலாம். பதினைந்து நிமிடம் போதும். வயிறு நிறையச் சாப்பிட்ட கையோடு வேண்டாம். கைப்பேசியை அடுத்த அறையில் வையுங்கள்.

நான்காம் படி: இறங்குவது

சுவரில், கண்மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே, ஒரு புள்ளியைப் பிடியுங்கள். நாள்காட்டியில் இருக்கும் லட்சுமியின் நெற்றிப் பொட்டு என்றாலும் சரி. தலையைத் தூக்காமல் கண்ணை மட்டும் உயர்த்திப் பாருங்கள். மூச்சை நாலு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விடுங்கள். ஏழெட்டு மூச்சில் இமை கனக்கும், புள்ளி மங்கலாகும், கண்ணில் நீர் கோக்கும். இமை தானாக மூட விரும்பும்போது விட்டுவிடுங்கள்.

இனி உடம்பு. வலது கையை இறுக்கி ஐந்து எண்ணி விடுங்கள். விட்ட அந்த நொடியில் கையில் ஒரு தொய்வு வருமே, அதைக் கவனியுங்கள். தோள், தாடை, வயிறு, கால் என்று ஒவ்வொன்றாக. தாடையைத் தாண்டிப் போய்விடாதீர்கள். பகலெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது அப்போதுதான் தெரியும். பிறகு 'வலது கை கனமா இருக்கு' என்று மெதுவாக ஐந்தாறு தடவை, அடுத்து 'கை வெதுவெதுப்பா இருக்கு'. இந்தக் கனமும் வெதுவெதுப்பும் ஜெர்மன் மருத்துவர் யோஹான்னஸ் ஷுல்ட்ஸ் 1932-ல் வெளியிட்ட பயிற்சியிலிருந்து வந்தவை. முதல் வாரம் கை கனப்பது போலவே இருக்காது. இருக்காவிட்டாலும் சொல்லுங்கள்.

இப்போது பத்திலிருந்து ஒன்றுவரை எண்ணி இறங்குங்கள், ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு படி. பத்துமலையின் 272 படியும் வேண்டாம், பத்தே போதும். எனக்குப் படிக்கட்டைவிட நிரைதான் வசதி: அதிகாலை, ரப்பர் மரங்களுக்கு நடுவே செம்மண் பாதை, காலடியில் காய்ந்த இலை நொறுங்கும் சத்தம், ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு மரத்தைக் கடக்கிறேன். பத்தாவது மரத்தில், பால் பிடிக்கும் கிண்ணமான மங்கில் பால் சொட்டுவது கேட்கும். எண்ணிக்கை நடுவில் தவறினால் திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். தவறுவது நல்ல சகுனம்.

ஐந்தாம் படி: வாக்கியத்தை வைப்பது

உடம்பு அடங்கி, எண்ணங்கள் தூரத்து வானொலி மாதிரி ஓடிக்கொண்டிருக்கும் இந்த இடத்தில்தான் வாக்கியம். அவசரம் வேண்டாம். பத்து அல்லது இருபது தடவை, மூச்சை வெளியே விடும்போது ஒரு தடவை. ஒவ்வொரு தடவையும் படத்தைப் பாருங்கள், அதன் சத்தத்தைக் கேளுங்கள், வாசனை இருந்தால் அதையும். வாய்மொழித் தேர்வுப் பிள்ளை நாற்காலியின் குளிர்ச்சியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்: பெயரைக் கூப்பிடுகிறார்கள், எழுந்து போகிறாள், உட்காருகிறாள், ஒரு மூச்சு, முதல் வாக்கியம் வெளியே வருகிறது. பரிசு வாங்குவதைப் பார்ப்பதில் பலன் குறைவு, செய்வதைப் பார்க்க வேண்டும்.

கூடவே ஓர் அடையாளம் சேருங்கள்: கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மெல்லத் தொட்டுக்கொள்வது. பதினைந்து நாள் இந்த அமைதியோடு சேர்த்துப் பழகினால், தேர்வு அறைக்கு வெளியே விரலைத் தொட்டதும் கொஞ்சம் அமைதி திரும்பி வரும். கொஞ்சம்தான். வாசலில் கொஞ்சம் கிடைத்தாலே பெரிய விஷயம்.

ஆறாம் படி: ஏறி வருவது

ஒன்றிலிருந்து ஐந்துவரை எண்ணுங்கள். மூன்றில் விரல்களை அசைத்து, நாலில் ஆழ்ந்து மூச்சு இழுத்து, ஐந்தில் கண்ணைத் திறந்து, முகம் கழுவுங்கள். இதைச் சோம்பலில் விட்டால் கொஞ்ச நேரம் மந்தமாக இருக்கும். தூக்கத்துக்காகச் செய்பவர்கள் ஏறவே வேண்டாம், அப்படியே போய்விடலாம்.

எத்தனை நாள்?

இருபத்தொரு நாள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். லண்டனில் புதுப் பழக்கங்களை நாள்தோறும் கணக்கெடுத்த ஓர் ஆய்வில் சராசரி 66 நாள் வந்தது. சிலருக்குப் பதினெட்டு, சிலருக்கு இருநூற்றைம்பதுக்கு மேல். ஒரு நாள் தவறியதால் பெரிதாக ஒன்றும் கெடவில்லை என்பதும் அதில் தெரிந்தது. எனக்குத் தூக்கம் ஒழுங்குக்கு வர நாலு மாதம் ஆனது, அதிலும் இரவு ஷிப்டு வாரங்களில் மறுபடி கெடும். அம்மா மரம் வெட்டியது ஒருநாள் விட்டு ஒருநாள். நிறையப் பால் வேண்டுமென்று ஒரே நாளில் நாலு கோடு போட்டால் மரம் படுத்துவிடும். தினமும் பதினைந்து நிமிடம், அதற்குமேல் வேண்டாம். நாள்காட்டியில் ஒரு புள்ளி வைத்துவிட்டு வேறு வேலையைப் பாருங்கள்.

இடையில் வரும் தொல்லைகள்

"எனக்கு ஒன்னுமே ஆகல, எல்லாம் கேட்டுச்சு" என்பது வழக்கமான புகார். கேட்கும் என்றுதான் முதலிலேயே சொன்னேனே. கை கனத்ததா, நேரம் போனது தெரியாமல் பத்து நிமிடம் ஓடியதா? அது போதும். 'இப்போது ஆழமாகப் போய்விட்டேனா' என்று நடுநடுவே எட்டிப் பார்ப்பது, விதை போட்டுவிட்டுத் தினமும் தோண்டிப் பார்ப்பது போல.

சிலருக்குக் கண்ணில் நீர் வரும், பழைய துக்கம் எழும். ஒருமுறை இரண்டுமுறை என்றால் அழுதுவிட்டு எழுந்திருங்கள். ஒவ்வொரு முறையும் அதே காட்சி வந்தால் நிறுத்திவிட்டு, பக்கத்து அரசாங்கக் கிளினிக்கில் மனநல ஆலோசனைக்குக் கேளுங்கள்.

காசு விஷயம். ஆரம்ப காலத்தில் ஈப்போவில் ஒரு ஹோட்டலில் நடந்த இரண்டு நாள் 'ஆழ்மனப் பேராற்றல்' வகுப்புக்கு 380 வெள்ளி (ரிங்கிட்) கட்டினேன். முதல் நாள் முழுக்கப் பாட்டும் கைதட்டலும். இரண்டாம் நாள் மாலை, அடுத்த கட்ட வகுப்புக்கு 2,000 வெள்ளி, இன்றே கட்டினால் தள்ளுபடி. பயிற்சியாக எனக்குக் கிடைத்தது, பணம் நம்மைத் தேடி வருவதாகக் கண்ணை மூடிக்கொண்டு நினைப்பது. என் பணம் எந்தப் பக்கம் போனது என்று எனக்குத் தெரியும். அதற்காக எல்லோரையும் குற்றம் சொல்ல மாட்டேன். முறையாகப் படித்த உளவியலாளர்கள் இதைச் சிகிச்சையில் பயன்படுத்துகிறார்கள். தீராத குடல் உபாதைக்கு மான்செஸ்டரில் 1984-லிருந்தே அறிதுயில் சிகிச்சை கொடுத்து வருகிறார்கள். முன்பணத்தை அவசரப்படுத்துகிறவரிடம்தான் ஜாக்கிரதை.

எதிர்வீட்டு அக்கா

ஒருவர் செய்ததை முழுசாகச் சொல்லிவிடுகிறேன், படிகள் எப்படிச் சேர்கின்றன என்று தெரியும். எதிர்வீட்டு அக்காவுக்கு இனிப்புநீர், அதாவது சர்க்கரை வியாதி. தினமும் விரலில் குத்திப் பார்க்கச் சொல்லி இயந்திரம் கொடுத்திருக்கிறார்கள். ஊசியைப் பார்த்தாலே கையை இழுத்துக்கொள்வார். நாலைந்து தடவை குத்தியும் சொட்டு ரத்தம் வராமல் சோதனைப் பட்டைகள்தான் வீணாகும்.

அவர் எழுதி வந்த வாக்கியம்: 'நான் ஊசிக்குப் பயப்பட மாட்டேன்.' குரங்குக் கதையைச் சொன்னேன். "அப்பறம் என்னா தம்பி சொல்றது?" என்றார். கை எப்போதாவது நன்றாக மரத்துப் போனது உண்டா என்று கேட்டேன். யோசித்துவிட்டு, கல்யாணமான புதிதில் பாசாரில் மீன் கடையில் வேலை செய்தபோது, விடிகாலையில் ஐஸ் பெட்டிக்குள் கைவிட்டுக் கெம்போங் மீனை அள்ளுவதைச் சொன்னார். சொல்லும்போதே இடது கையை மடியில் சுருட்டிக்கொண்டார். நான் அதற்குமேல் தேடவில்லை.

வாக்கியம் இப்படி ஆனது: 'கை ஐஸ் பெட்டில இருக்கு, வெரல் மரத்துப் போச்சு.' பத்துப் படிக்குப் பதிலாக அவர் பத்து மீனை எண்ணினார். மூன்று வாரம், தினமும் சாயங்கால விளக்கு ஏற்றியபின். நிஜ ஊசி முதல் இரண்டு வாரம் கிடையாது. மூன்றாம் வாரம் ஊசியை மடியில் வைத்துக்கொண்டு மட்டும். நாலாம் வாரம் குத்தினார். அன்று மாலை வேலியோரம் வந்து சொன்னார்: "வலிச்சிச்சு தம்பி. ஆனா கை அங்கேயே இருந்துச்சு."

இப்போதும் குத்தும்போது முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வார். போன வாரம் அவருக்கு வேறொரு கேள்வி. வீட்டுக்காரர் குறட்டையை நிறுத்த ஒரு வாக்கியம் எழுதித் தர முடியுமா என்றார். "அவர் வந்து உட்கார்ந்தால்தான் முடியும், அக்கா" என்றேன். "அவரு எங்க உட்காருவாரு, உட்கார்ந்தா அங்கேயே குறட்டைதான்" என்று சொல்லிவிட்டுத் துணி எடுக்கப் போய்விட்டார்.